பழைய பேட்டரி கார், தேய்ந்த டிரம் பிரேக்: சுவாமிமலைப் பக்கத்துப் பட்டறை ஒன்றைப் பற்றி

கும்பகோணம், தஞ்சாவூர், திருவையாறு வட்டாரத்தில் யாராவது பழைய கோல்ஃப் கார்ட், அதாவது பேட்டரி கார் வைத்திருந்து அதன் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், புது பிரேக் அசெம்ப்ளிக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் இந்தப் பட்டறைக்கு ஒரு தடவை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடம்தான். ஆனால் கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடித்துவிட்டு அப்புறம்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள், அந்தப் பழக்கம் இருக்கிற இடம் நான் பார்த்த வரையில் ரொம்பக் குறைவு.

இடம் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில், சுவாமிமலைக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டிப் பாபநாசம் பக்கமாகக் கொஞ்ச தூரம் வந்தால் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது, சுவரில் நீல பெயிண்டில் ஆட்டோ, லோடு ஆட்டோ பிரேக் லைனிங் என்று எழுதியிருக்கும். வாசலில் எந்நேரமும் ரெண்டு மூன்று ஆட்டோ பின்சக்கரம் கழற்றி நிற்கும். மெக்கானிக் அண்ணனின் பெயரையும் போன் நம்பரையும் அவரைக் கேட்காமல் பொதுவில் போட எனக்கு மனசில்லை, நேரில் போனால் யாரும் கை காட்டுவார்கள்.

நாங்கள் குடமுருட்டிக் கரையோரம் தென்னந்தோப்புக்குள் சில அறைகள் கட்டித் தங்கும் விடுதி நடத்துகிறோம். நவக்கிரகக் கோயில்கள் சுற்ற வருகிற குடும்பங்கள்தான் அதிகம், அதனால் கூடவே தாத்தா பாட்டிகளும் வருவார்கள். கார் வந்து நிற்பது ஆற்றங்கரை மேலே போகிற ரோட்டில், அங்கிருந்து தோப்புக்குள் இறங்க ஒரு நல்ல சரிவு. முட்டி வலிக்காரர்களை அந்தச் சரிவில் நடக்கவிட முடியாது என்பதற்காகவே ஒரு கம்பெனி வளாகத்தில் ஓடிக் கழித்த நாலு பேர் உட்காரும் பழைய பேட்டரி காரை வாங்கினோம். 36 வோல்ட், ஆறு லெட் ஆசிட் பேட்டரி, பின்சக்கரங்களில் மட்டும் டிரம் பிரேக், அதுவும் ஹைட்ராலிக் இல்லை, கேபிள். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற கிண்ணம் மாதிரி, அதற்குள் ஷூ என்கிற ரெண்டு வளைந்த இரும்புத் துண்டுகள், அவற்றின் மேல் பதித்த உராய்வுப் பட்டைதான் லைனிங், மிதித்தால் ஷூ விரிந்து லைனிங் டிரம்மில் உரசும். பெடலை மிதித்தால் ஒரு கம்பி இழுபட்டு, அது ஒரு குறுக்குப் பட்டையை இழுத்து, அந்தப் பட்டையின் ரெண்டு முனையிலிருந்தும் ஆளுக்கொரு கேபிளாக இடது வலது சக்கரத்துக்குப் போகும். அவ்வளவு எளிமையான ஏற்பாடு.

டெல்டாவில் இந்த வண்டிகளுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு, அது நம்ம ஊரின் சமதளம். கண்ணுக்கு எட்டிய தூரம் மேடு பள்ளமே இல்லாத நிலத்தில் மெதுவாக ஓடுகிற வண்டி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே தானாக வேகம் குறைந்து நின்றுவிடும், பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். அதனால் லைனிங் தேய்ந்து தேய்ந்து காகிதமாகப் போனாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. தெரிகிற இடம் ஆற்றங்கரைச் சரிவு மட்டும்தான், அங்கே தெரியும்போது வண்டியில் ஆள் இருப்பார்கள். 6 வோல்ட் பேட்டரி ஒன்று சுமார் 28 கிலோ, ஆறுக்கும் சேர்த்து 170 கிலோ பக்கம் வந்துவிடும், அதோடு வண்டி எடை, நாலு பேர் எடை, பெட்டி படுக்கை. இத்தனையையும் சரிவில் பிடித்து நிறுத்த வேண்டியது அந்த ரெண்டு சின்ன டிரம்தான். கோயிலிலோ கல்லூரியிலோ விடுதியிலோ பேட்டரி கார் ஓட்டுகிறவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் வண்டியில் முதலில் தெரிந்தது பெடல் ஆழமாக இறங்குவது. முன்பு பாதி மிதித்தால் பிடித்த பிரேக், பலகையைத் தொடுகிற மாதிரி மிதித்தால்தான் பிடித்தது. அப்புறம் பார்க்கிங் லாக். இந்த வண்டியில் கை பிரேக் தனியாகக் கிடையாது, பெடலின் மேல் பகுதியை அழுத்தினால் ஒரு பல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும். அப்படி மாட்டிய பிறகும் சரிவில் வண்டி மெல்ல நகர்ந்தது. கூடவே நிறுத்தும்போது ஒரு பக்கம் இழுப்பது, இடது பின்சக்கரத்திலிருந்து இரும்பும் இரும்பும் உரசுகிற ஒரு சத்தம். அன்றைக்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டோம்.

ஒரு சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். மாடல் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன், ரெண்டு பக்கமும் முழு பிரேக் அசெம்ப்ளி மாற்ற வேண்டும், டிரம்மும் சேர்த்து, அட்வான்ஸ் போடுங்கள் என்றார்கள். பெடல் எவ்வளவு இறங்குகிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது, சத்தம் எப்போது வருகிறது, ஒரு கேள்வி கிடையாது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டோ ஓட்டுகிற ஒரு நண்பர்தான் இந்தப் பட்டறையைச் சொன்னார். டிரம் பிரேக் என்றால் எல்லாம் ஒரே தத்துவம்தானே, போய்ப் பார்ப்போம் என்று வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம்.

அண்ணன் வண்டியைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "கழட்டுறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கணும் தம்பி. கழட்டிட்டா அது என்ன சொல்ல வந்துச்சுன்னு நமக்குத் தெரியாமப் போயிரும்." பட்டறைக்குப் பின்னால் வண்டல் மண் பரந்த ஒரு காலி இடம் இருக்கிறது. அங்கே எங்கள் டிரைவர் தம்பியை மெதுவாக ஓட்டி வரச் சொல்லி, கை காட்டியதும் அழுத்தி மிதிக்கச் சொன்னார். வண்டி நின்றதும் வண்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். மாவு மாதிரி இருக்கிற அந்த மண்ணில் இடது சக்கரம் பூட்டிக்கொண்டு கோடு இழுத்த தடம் நீளமாக இருந்தது, வலது சக்கரத்தின் தடத்தில் டயர் பட்டன்கள் அப்படியே வரிசையாகப் பதிந்திருந்தன. அதாவது வலது சக்கரம் கடைசி வரை உருண்டிருக்கிறது, பிரேக் பிடிக்கவே இல்லை. எதுவும் கழற்றாமல், ஒரு கருவியும் இல்லாமல், பாதி நோய் தெரிந்துவிட்டது. யாரும் அவரவர் இடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது, மண் தரையாகவும் எதிரே ஆள் இல்லாமலும் இருந்தால் போதும்.

அப்புறம் சாவியை எடுத்து, நியூட்ரலில் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்தார். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியைப் பின் ஆக்சிலில் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி உட்கார வைத்துவிட்டுத்தான் யாரையும் பக்கத்தில் விட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி அவ்வளவு கனமான வண்டிக்கு அடியில் கை வைப்பவர்கள் எத்தனையோ பேர், இங்கே பட்டறைப் பையன்கள் உட்பட யாரும் அதைச் செய்யவில்லை, எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அடியில் படுத்து டார்ச் அடித்து அவர் முதலில் பார்த்தது அந்தக் குறுக்குப் பட்டையை. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பெடலை மிதிக்கும்போது பட்டை நேராக வராமல் சாய்ந்து வந்தது, இடது முனை ரொம்ப முன்னால் வருகிறது, வலது முனை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரெண்டு பக்கத்துக்கும் இழுப்பைச் சமமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் அந்தப் பட்டையின் வேலை. அது சாய்ந்தால் ஒரு பக்கக் கேபிள் ஓடவில்லை, அல்லது ஒரு பக்க ஷூ அளவுக்கு மீறித் தேய்ந்திருக்கிறது, அல்லது ரெண்டும். சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தபோது ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்த் திசையில் சுற்றியது. ரெண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல் சக்கர அமைப்பு, டிஃபரன்ஷியல், இருப்பதால் அப்படித்தான் சுற்றும், கோளாறு என்று பயப்பட வேண்டியதில்லை.

டிரம்மைக் கழற்றுவது லேசான வேலையாக இல்லை. நட்டு கழலாமல் பூட்டி வைக்கிற ஸ்பிளிட் பின்னை எடுத்து ஆக்சில் நட்டைக் கழற்றினாலும் டிரம் வரவில்லை. சுத்தியலால் அடிக்கப் போன பையனைத் தடுத்துவிட்டு, அண்ணன் முதலில் ஷூக்களை விரிக்கவும் சுருக்கவும் உள்ள பல் சக்கரத்தை, அதாவது ஸ்டார் வீலைப் பின்னால் சுற்றி ஷூக்களை உள்ளே வாங்கினார். பழைய டிரம்மில் ஷூ உரசும் இடம் தேய்ந்து குழிந்துவிடும், உரசாத விளிம்பு மட்டும் வரப்பாக நிற்கும், ஷூ அந்த வரப்பில் மாட்டிக்கொள்ளும். அடித்து எடுத்தால் ஷூவைப் பிடிக்கும் பின்னும் ஸ்பிரிங்கும் வளைந்துபோகும். ஷூவைச் சுருக்கிவிட்டுப் புல்லர் போட்டதும் வந்துவிட்டது.

இடது பக்கம் திறந்ததும் சத்தத்துக்குக் காரணம் தெரிந்தது. லைனிங் ரிவெட் தலை வரைக்கும் தேய்ந்து, ரிவெட் டிரம்மில் கோடு போட்டிருந்தது. பொதுவாக இந்த வண்டிகளில் லைனிங் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும், எங்களுடையது அதையெல்லாம் தாண்டிவிட்டது. வலது பக்கம் திறந்தால் ஆச்சரியம், லைனிங் நல்ல தடிமனாகவே இருந்தது, மேலே மட்டும் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. பார்க்கிறவர் யாரும் இடதுதான் கெட்டது, வலது நல்லது என்று சொல்லிவிடுவார்கள். அண்ணன் சொன்னது நேர்மாறு. "எடது பக்கம் கெட்டுப் போகல தம்பி, அது ஒத்த ஆளா வேல பாத்து ஓஞ்சு போயிருக்கு. கெட்டது வலதுதான். நுகத்தடியில ஒரு மாடு சும்மா நடந்தா இன்னொண்ணு கழுத்து புண்ணாயிரும்ல, அது கதைதான்." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்தேன். இடது ஷூவை மட்டும் மாற்றியிருந்தாலும், ரெண்டு பக்கமும் புது அசெம்ப்ளி போட்டிருந்தாலும், வலது பக்கம் இழுக்காத வரைக்கும் புது லைனிங்கும் இதே கதிக்குத்தான் வந்திருக்கும்.

வலது கேபிளைத் தனியாகக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்தால் அசையவே இல்லை. உறையை விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினார், மேல் பிளாஸ்டிக் கடித்துக் குதறியிருந்தது. எலி. சம்பா அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலிகள் கொட்டகைக்கும் வீட்டுக்கும் வருவது நம்ம பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், வண்டிக்கு அடியில் போய் ஒயரையும் கேபிளையும் கடிக்கும் என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? கடித்த ஓட்டை வழியாக ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணீர் உள்ளே போய், கேபிள் தாழ்ந்து தொங்குகிற இடத்தில் தேங்கி, உள்கம்பி துருப்பிடித்து உறையோடு ஒட்டிக்கொண்டது. அதுதான் மூலம்.

இதற்கு மேல் அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் எனக்குப் பிடித்தன. ஷூ இரும்பு நன்றாக இருக்கிறது, அதைத் தூக்கிப் போட வேண்டாம், லைனிங் மட்டும் புதிதாக அடித்துத் தருகிறேன் என்றார். ஆனால் நாலு ஷூவுக்கும் ஒரே லைனிங்தான், வலது பக்கம் தடிமனாக இருக்கிறதே என்று விட்டுவைக்க முடியாது, பழைய லைனிங் ஒரு பக்கமும் புதுசு ஒரு பக்கமும் இருந்தால் பிடிமானம் வேறு வேறாகி வண்டி மறுபடி இழுக்கும். டிரம் ரெண்டையும் பக்கத்து லேத்தில் கொடுத்துக் கோடு மறைகிற அளவுக்கு மட்டும், ரெண்டும் ஒரே அளவு வருகிற மாதிரிக் கடைந்து வாங்கினார். அதிகம் கடைந்தால் டிரம் மெலிந்து சூட்டில் கோணிவிடும் என்று லேத்காரரிடம் நின்று சொல்லிவிட்டு வந்தார். கடைந்த டிரம்மின் வட்டம் கொஞ்சம் பெரிதாகிவிடும், புது லைனிங்கின் வளைவு அதோடு சரியாகப் பொருந்தாது. அதற்கு டிரம்முக்குள் சாக்பீஸ் தேய்த்து, ஷூவை வைத்துச் சுற்றி எடுத்து, சாக்பீஸ் எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அந்த மேட்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி வைத்து, மறுபடி எடுத்து, லைனிங் முழுக்க வெள்ளை பரவுகிற வரை விடவில்லை. ஆட்டோக்கள் வரிசையில் காத்திருந்தும் இந்த வேலையை அவசரப்படுத்தவில்லை.

கேபிளை மட்டும் செய்து தர முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டோ கேபிளை வெட்டி ஒட்டி நீளம் சரிசெய்து தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவருக்கும் அது தெரியும். "முனையில நான் அடிக்கிற ஈயம் நழுவுச்சுன்னா கரையிலேருந்து வண்டி கீழதான் போவும். கம்பெனி கேபிள் வாங்கிட்டு வாங்க, ஜோடியா." தனக்கு வர வேண்டிய வேலையையும் பணத்தையும் வேண்டாம் என்று சொல்கிறவரை எப்படி நம்பாமல் இருப்பது? இந்த வகைப் பழைய வண்டிகள் பெரும்பாலும் அமெரிக்காவின் அகஸ்டா ஊரைச் சேர்ந்த இ-இசட்-கோ, கிளப் கார் கம்பெனிகளின் மாடலாகவோ அவற்றுக்கு நெருக்கமான மாடலாகவோ இருக்கும், கேபிளும் ஆயில் சீலும் கூரியரில் கிடைத்துவிடும், மாடலையும் வருடத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வண்டியின் சீரியல் நம்பர் தகடைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அட்ஜஸ்ட்மென்ட். மற்ற இடங்களில் நடப்பதற்கும் இங்கே நடந்ததற்கும் பெரிய வித்தியாசம் இதில்தான். பிரேக் இறங்கிவிட்டது என்று போனால் பெரும்பாலான இடங்களில் கேபிள் நட்டை ரெண்டு சுற்று இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். பெடல் மேலே வந்துவிடும், நாமும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவோம். உண்மையில் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும், கேபிள் இழுத்ததும் ஷூவை விரிக்கிற, சக்கரத்தில் உள்ள லிவர் மட்டும் ஏற்கெனவே பாதி இழுபட்ட நிலையில் நிற்கும், அதனால் மிதிக்கும்போது அந்த லிவருக்குப் போக மிச்சத் தூரம் குறைவு. தானாக அட்ஜஸ்ட் ஆகும் மாடல்களில் இப்படிக் கேபிளை இறுக்கினால் இன்னும் மோசம், லிவர் முழுசாகத் திரும்பி வந்தால்தான் அந்த ஏற்பாடு வேலை செய்யும், திரும்பவே விடாமல் கட்டிப்போட்டால் அது செத்துப்போகும்.

அண்ணன் செய்த வரிசை இது. முதலில் குறுக்குப் பட்டையின் நட்டைத் தளர்த்தி ரெண்டு கேபிளையும் தொளதொளவென்று விட்டார், லிவர் ரெண்டும் முழுசாகப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தார். எங்கள் மாடலில் ஸ்டார் வீலைக் கையால்தான் திருப்ப வேண்டும். பின் தட்டில் உள்ள துளை வழியாகத் தட்டையான ஸ்குரூ டிரைவரை விட்டு, சக்கரம் கையால் சுற்ற முடியாமல் இறுகுகிற வரை திருப்பினார். அங்கே நிறுத்தவில்லை. பெடலைச் சில முறை அழுத்தி மிதிக்கச் சொன்னார், மிதித்ததும் ஷூக்கள் டிரம்முக்கு நடுவில் சரியாக உட்கார்ந்து சக்கரம் மறுபடி லேசாகிவிட்டது, மறுபடி இறுக்கினார். மிதித்தாலும் லேசாகாது என்ற நிலை வந்த பிறகு ஸ்டார் வீலை ஒவ்வொரு பல்லாகப் பின்னால் விட்டு, சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் காதை வைத்தால் ஷூ தொட்டும் தொடாமலும் உரசும் ஓசை வர வேண்டும் என்ற அளவில் நிறுத்தினார். ரெண்டு பக்கமும் ஒரே ஓசை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் கேபிள் பக்கம் போனார், அதையும் லிவர் அசையப் போகிறது என்கிற இடம் வரை மட்டும், அதற்கு மேல் ஒரு பல் கூட இல்லை.

பெடலின் ஃப்ரீ பிளேயை, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை, இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தார். எங்கள் மாடலின் கையேட்டை நான் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோயிருந்தேன், அதில் சுமார் 1 அங்குலம் என்று இருக்கிறது, மாடலுக்கு மாடல் இது மாறும். ஃப்ரீ பிளே சுத்தமாக இல்லாவிட்டால் பெடல் கல் மாதிரி நன்றாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் ஷூ எந்நேரமும் உரசிக்கொண்டே ஓடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், டிரம் சூடாகும், லைனிங் பளபளப்பாகிப் பிடிப்பை இழக்கும். எங்கள் பேட்டரி வயசாகிவிட்டது என்று நினைக்கிற சிலருக்கு உண்மையில் பிரேக் உரசல்தான் பிரச்சினையாக இருக்கலாம். வண்டி ஓடி நின்றதும் புறங்கையை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், ரெண்டு பக்கமும் ஒரே சூடு இருக்க வேண்டும், ஒன்று மட்டும் கொதித்தால் அது உரசுகிறது, ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை.

ஆக்சில் நட்டை இறுக்கும்போது எவ்வளவு பலத்தில் இறுக்க வேண்டும் என்று கையேட்டில் உள்ள டார்க் அளவை நான் காட்டினேன். அந்தப் பலத்தை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் அவரிடம் இல்லை. முகம் சுளிக்காமல் தெரிந்த டயர் கடையில் இரவல் வாங்கி வரச் சொல்லி அந்த அளவுக்கு இறுக்கி, துளை நேராக வந்ததும் புது ஸ்பிளிட் பின் போட்டார். பழைய பின்னை நிமிர்த்திப் போடவில்லை, அதைக் கவனித்தேன்.

முடிந்ததும் மறுபடி அதே வண்டல் மண். இந்த முறை ரெண்டு கோடும் ஒரே நீளம். அப்புறம் வண்டியில் நாலு ஆட்களை உட்கார வைத்து லோடு ஆட்டோ ஏற்றும் சாய்தளத்தில் ஏற்றிப் பார்க்கிங் லாக் போட்டு நிறுத்திக் காட்டினார், அசையவில்லை. புது லைனிங் உடனே முழு வேலை செய்யாது, முதல் கொஞ்ச நாளைக்குச் சமதளத்தில் நடுத்தர வேகத்தில் ஓட்டி மிதமாக மிதித்து நிறுத்தி, நடுவில் ஆறவிட்டு, இப்படிப் பழக்க வேண்டும், சரிவில் ஆளோடு இறக்க வேண்டாம், பழகிய பிறகு ஷூ கொஞ்சம் தேய்ந்து இடைவெளி கூடும், ஒரு தடவை கொண்டுவாருங்கள், காசு வேண்டாம் என்றார். கொண்டுபோனோம். சொன்ன மாதிரியே காசு வாங்கவில்லை, ரெண்டு பக்கமும் சில பல் திருப்பிக் கொடுத்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். டிரம்மைத் திறந்ததும் ஒரு பையன் ஏர் குழாயை எடுத்துத் தூசியை ஊதப் போனான், நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, ஈரத் துணியாலோ தண்ணீர் விட்டோதான் துடைக்க வேண்டும். அண்ணன் உடனே ஒத்துக்கொண்டு ஈரத் துணி கொடுத்தார், ஆனால் நான் சொன்ன பிறகுதான். நாள் முழுக்க அந்தத் தூசிக்குள் நிற்கிற பிள்ளைகள் அவர்கள், முகமூடி கூட இல்லை. நீங்கள் போனாலும் இதைச் சொல்லுங்கள், உங்கள் வண்டிக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காக. அடுத்து, உட்கார இடம் கிடையாது, வெயில் நேரத்தில் தகரத்துக்குக் கீழே நிற்க முடியாது. போன் அடித்தால் எடுக்க மாட்டார். பில் துண்டுச்சீட்டில் கையால் எழுதித் தருவார், அலுவலகக் கணக்குக்கு ரசீது வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜர் எதையும் தொட மாட்டார், எனக்குத் தெரியாத வேலை என்று நேராகவே சொல்லிவிடுகிறார்.

செலவு, லைனிங், லேத், கூலி எல்லாம் சேர்த்தும், கேபிள் ஜோடிக்கு நான் தனியாகக் கொடுத்ததைக் கூட்டியும், போனில் சொன்ன முழு அசெம்ப்ளி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிட்டது. வேலை ஆரம்பிக்கும் முன்பே தோராயத் தொகையைச் சொன்னார், முடிவில் கூடுதலாகக் கேட்கவில்லை. கழற்றிய பழைய கேபிளையும் லைனிங்கையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். இந்த வண்டியை மெயின் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், லோடு வண்டியில் ஏற்றுங்கள், பிரேக் இல்லாத வண்டி என்பதால் பலகையில் ஏற்றும்போது பின்னால் யாரையும் நிற்கவிடாதீர்கள், ஏற்றியதும் நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள். கையேடு இருந்தால் பிரேக் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோங்கள், அவர் படித்துப் பார்க்கிறார். முகூர்த்த நாட்களுக்கு முந்தின நாள் போகாதீர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் வருவார்கள். காலையில் கடை திறந்ததும் போனால் ஓட்டிப் பார்க்கிற வேலையை நிதானமாகச் செய்வார். டிஸ்க் பிரேக்கோ ஹைட்ராலிக்கோ உள்ள புது மாடல் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது, கேபிள் டிரம் பிரேக் உள்ள பழைய வண்டிக்கு மட்டும்தான் நான் சொல்கிறேன். மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு தடவையும், சம்பா அறுப்பு முடிந்ததும் எலிக்கடி இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவையும் அடியில் டார்ச் அடித்துக் கேபிள் உறையை முழு நீளத்துக்கும் பாருங்கள், அதற்குப் பட்டறை வரைக்கும் போக வேண்டியதில்லை.